ஓரடி மனை

என் அப்பா காரைக்குடியில் தபால்காரராக இருந்தவர். எழுபதுகளின் நடுவில், பள்ளி விடுமுறைகளில், அவர் பீட்டுக்குக் கிளம்பும்போது நானும் தொற்றிக்கொள்வேன். அப்பாவிடம் சைக்கிள் இருந்தது. ஆனாலும் பழைய ஊருக்குள் நுழைந்ததும் அதைத் தெருமுனைப் பெட்டிக்கடையில் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கிவிடுவார். சைக்கிள் போக முடியாத வழிகளில்தான் அவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு கதவு வரும். அதைத் தாண்டினால் இன்னொரு தெரு. பர்மாத் தேக்கைப் பற்றியும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றியும் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவரைப் பற்றியும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் வந்து முகப்பைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இந்தப் பின்கதவைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. என்னைக் கேட்டால் அந்த வீடுகளின் விசேஷமே அதுதான்.

அப்பா முன்வாசலில் நின்று "தபால்!" என்பார். மலாயாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த கடிதமாக இருக்கும். உறையில் குடும்பத்தின் விலாசமாக இரண்டு மூன்று எழுத்து, ஊர்ப் பெயர், அவ்வளவுதான். கதவிலக்கம்கூட இருக்காது. எந்த எழுத்துக்கு எந்த வீடு என்பது அப்பாவின் மண்டைக்குள் இருந்தது. வளவில் உட்கார்ந்திருக்கும் ஆச்சி கடிதத்தை வாங்கிக்கொண்டு, "வெயில்ல சுத்தாத தம்பி, பின்கதவு தொறந்துதான் கெடக்கு, இப்படியே போயிரு" என்பார். நாங்கள் உள்ளே நடப்போம். வளவின் வெளிச்சம், அடுத்து ஓர் இருட்டு, மறுபடி ஒரு முற்றத்து வெளிச்சம், மிளகாய் காயும் நெடி, பிறகு சட்டென்று தெரு. எதிர்வரிசையில் அடுத்த வீட்டின் முகப்பு காத்திருக்கும். சுற்றிப்போனால் கால் மணி ஆகிற தூரத்தைச் சில நிமிடத்தில் கடந்துவிடுவோம்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அப்பாவோடு வேலை பார்த்த இன்னொரு தபால்காரர் அதே பையைத் தூக்கிக்கொண்டு, அதே தெருக்களில், ஒவ்வொரு முறையும் தெருமுனை வரை போய்த் திரும்பித்தான் வருவார். அவருக்கு எந்த ஆச்சியும் பின்கதவைக் காட்டியதில்லை. "அவரு ஏம்ப்பா சுத்திப் போறாரு?" என்று கேட்டதற்கு அப்பா பதில் சொல்லாமல் நடந்தார். பழைய ஊரைப் பற்றி உருகுகிறவர்களின் பேச்சை முழுசாக ஒத்துக்கொள்ள முடியாமல் போனதற்கு அந்த மௌனம்தான் காரணம். வழி இருந்தது, எல்லாருக்கும் இல்லை.

தெருக்களைப் பொறுத்தவரை மட்டும் பழைய ஊர் கெட்டிக்காரத்தனமாக வகுக்கப்பட்டது. வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நேர்நேராக வீதிகள். ஒவ்வொன்றும் இன்னொன்றில் போய்ச் சேரும். மழை பெய்தால் தண்ணீர் தெருவோடு இறங்கி வாய்க்கால் பிடித்து ஊரணிக்குப் போகும். காவிரியோ வைகையோ எட்டாத வறண்ட சீமையில் ஒரு சொட்டையும் விட முடியாது என்பதால், தெருவின் வாட்டத்தைத் தீர்மானித்தது வண்டி மட்டுமல்ல, தண்ணீரும்தான். கோயில் வீதிகளுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. தேர் பின்னோக்கி நகராது. கிளம்பினால் சுற்றி வந்துதான் நிலைக்கு நிற்க வேண்டும். ஆகவே தேரோடும் ஊரில் முட்டுத்தெருவை வைத்துக்கொண்டு திருவிழா நடத்த முடியாது.

ஊர் எப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டியது என்று ஒரு வருடத்தைச் சுட்ட முடியாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது, கல்லூரிகள் வந்தன, 1985-ல் பல்கலைக்கழகம் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு வீடு தேடினார்கள், பிறகு சொந்தமாகக் கட்டினார்கள். செக்காலை, கழனிவாசல் என்று ஊர் நீண்டது. 1928-லிருந்து நகராட்சியாக இருந்த ஊரின் எல்லைக்கோடு அப்படியே இருக்க, வீடுகள் அதைத் தாண்டிச் சங்கராபுரம் ஊராட்சிக்குள் போய்விட்டன. வரி ஒரு இடத்தில், வாழ்க்கை ஒரு இடத்தில் என்று பல வருடம் ஓடியது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சிக்குள் ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான பேர். வெளியே வளர்ந்த ஊர் அந்தக் கணக்கில் வராது.

நான் பத்திரம் எழுதும் தொழிலுக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மூத்த எழுத்தரிடம் உட்கார்ந்து பழகினேன். அவர் முதலில் கற்றுக்கொடுத்தது நான்கெல்லை எழுதுவது, அடுத்தது பாத்தியம். அந்தக் காலத்துப் பத்திரங்களில் நிலத்தின் அளவை விடவும் அதற்குப் போகும் வழிதான் விரிவாக இருக்கும். இன்னார் புஞ்சைக்குத் தெற்கே, வேப்பமரத்தை ஒட்டி, மாமூலாய்ப் போய்வரும் வண்டிப்பாதை பாத்தியம், நடைபாதை பாத்தியம், ஆடுமாடு ஓட்டிப்போகும் பாத்தியம், கிணற்றில் முறைத்தண்ணீர் பாத்தியம் என்று அடுக்குவோம். வழியில்லாத நிலத்தை யார் வாங்குவார்கள்? "அளவுல ஒரு அடி கொறஞ்சா சண்டைதான் வரும், பாதை விட்டுப்போச்சுன்னா வெட்டுக்குத்து வரும்" என்பார் மூத்தவர்.

தொண்ணூறுகளில் அந்த வரிகள் பத்திரத்திலிருந்து உதிர ஆரம்பித்தன. மனை விற்பனை சூடுபிடித்த காலம். ஊரைச் சுற்றி இருந்ததெல்லாம் செம்மண் சரளை, முந்திரி, தைலமரம், வானம் பார்த்த புஞ்சை. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது எல்லாருக்கும் ரோட்டு முகம் கிடைக்க வேண்டுமென்று நிலத்தை நீளவாக்கில் கீறிக் கீறிப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாக ஒரு புரமோட்டர் கைக்குப் போயிற்று. அவர் என்ன செய்வார்? மெயின் ரோட்டிலிருந்து நடுவே 23 அடியில் ஒரு ரோடு, இரண்டு பக்கமும் மனைகள், கடைசியில் முட்டு. முகப்பில் ஆர்ச், வண்ணக்கொடி, வெள்ளையடித்த கல். பக்கத்துக் கீற்றிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. மேலேயிருந்து பார்த்தால் தின்று போட்ட மீன்முள்களை வரிசையாக அடுக்கி வைத்தாற்போல இருக்கும். ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் நடுவே காம்பவுண்டுச் சுவர்.

பழைய வண்டிப்பாதைகள் எங்கே போயின என்றால், எங்கும் போகவில்லை. புலப்படத்தில் புள்ளிக்கோடாக அப்படியே இருக்கின்றன. தரையில்தான் யாருடைய கழிவறைத் தொட்டியோ இருக்கிறது.

ஓரடி மனையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வெளியூர் நண்பர்கள் இதை நம்புவதில்லை. சில மனைப்பிரிவுகளில் உள்ரோடு எல்லை வரை போகும். பின்னால் பக்கத்து நிலமும் மனையானால் இரண்டு ரோடும் இணைந்துகொள்ளட்டும் என்பதுதான் அப்படி விடுவதன் நோக்கம். ரோட்டையெல்லாம் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அது பொதுச்சொத்து, யாரும் மறிக்க முடியாது. ஒரு நாள் ஒரு புரமோட்டர் என் மேஜைக்கு வந்தார். தானப்பத்திரத்துக்கு உரிய அளவுகளைச் சொல்லிக்கொண்டே வந்தவர், ரோட்டின் நீளத்தில் ஓரடியைக் குறைத்துச் சொன்னார். வரைபடத்தைப் பார்த்தேன். ரோடு எல்லைக்கு ஓரடி முன்னாலேயே நின்றிருந்தது. மிச்சம் இருந்த துண்டு கிழமேல் ஓரடி, தென்வடல் இருபத்து மூன்று அடி. அதை அவர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டார்.

"இது எதுக்குண்ணே?"

"இருக்கட்டும்ப்பா. அந்தப் பக்கத்துக்காரன் ஒருநாள் வருவான்."

வந்தான். இரண்டு மூன்று வருடம் கழித்து அடுத்த நிலத்தை வாங்கியவர், ரோட்டை இணைத்தால் தன் மனைகளுக்கு விலை கூடும் என்று கணக்குப் போட்டு, அந்த இருபத்து மூன்று சதுர அடிக்கு ஒரு முழு மனையின் விலையைக் கொடுக்க முன்வந்தார். பேரம் படியவில்லை. முதலாமவர் அந்த ஓரடியில் ஹாலோ பிளாக் சுவரை எழுப்பிவிட்டார். மொத்த உயரம் ஒரு ஆள் மட்டம். அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது, வேறு ஒருவர் பட்டாவில்.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது. ஆனால் ஊராட்சித் தலைவர் கையெழுத்தைக் காட்டி 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று விற்ற காலம் நீண்டது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் தெரு முழுக்க ஈயாடியது. எழுத்தர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பொழுதைப் போக்கினோம். 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். முறைப்படுத்தியது மனைகளைத்தான். ரோடு எங்கே முட்டி நின்றதோ அங்கேயே நின்றது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த விதிகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் போகும் மனைப்பிரிவுக்குப் பத்து சதவீதம் பொது இடமாக விட்டாக வேண்டும். 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் விட வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சின்னச் சின்னதாகக் கீறிப் போடுகிறவனுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒருவரும் வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை.

நானும் அப்படியொரு நகரில்தான் வீடு கட்டினேன். என் மகள் படித்த பள்ளி எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். காலை மணி அடிப்பது அடுப்படியில் கேட்கும். ஆனால் அங்கே போக, எங்கள் ரோட்டில் மெயின் ரோடு வரை வந்து, லாரிகளோடு லாரியாக வடக்கே போய், அடுத்த ஆர்ச்சுக்குள் நுழைந்து, மறுபடி அவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும். இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. நடந்து போய்விடக்கூடிய பள்ளிக்கு ஆட்டோ வைத்தோம். மினி பஸ் உள்ளே வராது. வந்தால் திரும்பிப்போக இடமில்லை, நுழைந்து வெளியேறினால்தானே அதற்கு வழித்தடம். அதனால் வீட்டுக்கு ஒரு வண்டி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. அத்தனையும் காலை எட்டரைக்கு ஒரே வாய் வழியாக மெயின் ரோட்டில் விழும்.

எங்கள் நகரின் கடைசியில், முட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பழைய குடியிருப்பு. நாங்கள் வருவதற்கு முன்பிருந்தே இருப்பவர்கள். அவர்கள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்துகொண்டிருந்த பாதையின் மேல்தான் எங்கள் வீடுகள் இருக்கின்றன. சுவர் கட்டிய சில மாதத்தில் அதில் ஓர் ஓட்டை விழுந்தது. முதலில் இரண்டு செங்கல் எடுத்த அளவு. பிறகு ஒரு பிள்ளை குனிந்து வரும் அளவு. எடுத்த செங்கல்லையே இந்தப் பக்கம் படியாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதன் விளிம்பு உடம்பு உரசி உரசி வழவழப்பாகியிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பையை முதலில் தள்ளிவிட்டுப் பின்னால் வருவார்கள். கீரைக்காரம்மா கூடையை இந்தப் பக்கம் யாரிடமாவது கொடுத்துவிட்டுத் தானும் நுழைந்து வருவார். நகர்ச் சங்கத்தில் கூட்டம் போட்டு ஓட்டையைப் பூசினார்கள், மேலே கண்ணாடிச் சில்லும் பதித்தார்கள். மறுபடி வேறு இடத்தில் விழுந்தது. மறுபடி பூசினார்கள்.

பிள்ளையார் கோயிலில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு பழைய பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் மனைகளின் தாய்ப்பத்திரம். அதில் நடைபாதை பாத்தியம் எழுதியிருந்தது. படித்துக் காட்டினேன். "வெளியாளுங்க நடமாட்டம் ஆகாதுண்ணே, திருட்டுப் பயம்" என்றார்கள். வெளியாள் என்று யாரைச் சொல்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவோடு வேலை பார்த்தவரின் நினைப்புதான் எனக்கு வந்தது. கடைசியில் ஒரு இரும்புக் கேட் வைக்கலாம் என்று முடிவாயிற்று. ஆள் மட்டும் நுழையும் அகலம், காலையும் மாலையும் பள்ளி நேரத்துக்குத் திறப்பு, சாவி செயலாளர் வீட்டில். செயலாளர் மகனைப் பார்க்கச் சென்னைக்குப் போனால் சாவியும் கூடவே போய்விடும். கீரைக்காரம்மா வருவதை நிறுத்திவிட்டார். சந்தையில் பார்த்தபோது கேட்டேன். "அந்தச் சுத்துச் சுத்தி வர்றதுக்குள்ள கீரை வாடிப்போகுதுய்யா. நீங்களே வண்டியில வந்து வாங்கிக்கங்க" என்றார்.

மழைக்காலத்தில் இன்னொரு பாடு. முட்டுச்சுவர் ஆளை மட்டும் மறிக்கவில்லை. மேட்டிலிருந்து கண்மாய்க்கு இறங்கும் வரத்துக்கால் எங்கள் மூன்றாவது வரிசை வீடுகளுக்கு அடியில் இருக்கிறது. ஐப்பசியில் தெருவோடு இறங்கி வரும் தண்ணீர் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றுவிடும். கடைசி வீட்டுக்காரர் வங்கியில் ஓய்வு பெற்றவர். சுவருக்கு அடியில் இரண்டு குழாய் பதித்துத் தண்ணீரை அந்தப் பக்கம் விட்டார். சுவரை வைக்க வேண்டும் என்று அதிகம் பேசியவரும் அவர்தான்.

மகள் கட்டடக்கலை படிக்கப் போனாள். ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கனடாவிலிருந்து ஒருவரும் அமெரிக்காவிலிருந்து ஒருவருமாக, பாரிங்டன்-லீ, மில்லர்ட்-பால் என்ற இருவர், உலகம் முழுதும் தெருக்களின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, எத்தனை தெரு முட்டி நிற்கிறது, எத்தனை நாற்சந்தி இருக்கிறது, நேர்த்தூரத்துக்கும் நடக்கிற தூரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்றெல்லாம் கணக்குப் போட்டு 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். 1975-க்குப் பிறகு உலகில் போடப்பட்ட தெருக்கள் பொதுவாக ஒன்றோடொன்று சேராமல் போய்க்கொண்டிருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. ஒருதரம் போட்ட தெரு லேசில் மாறாது; வீடு இடிந்து வேறு வீடு வரும், தெரு அங்கேயே இருக்கும். நான் அவளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் அவள் படித்த பள்ளியைக் காட்டினேன். "இதுக்கு கனடாவுக்கா போகணும்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்க எழுதின பத்திரம் எத்தனைன்னு கணக்கு இருக்கா?" என்று கேட்டாள். இருக்காதா என்ன, பதிவேடு வைத்திருக்கிறேனே என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆயிற்று. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம் முதலான ஊராட்சிகளும் உள்ளே வந்தன. எல்லைக்கோடு கடைசியில் வீடுகளைத் துரத்திப் பிடித்துவிட்டது. இனிமேல் ஊரை ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்க்க ஓர் அலுவலகம் இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. சுவர்களில் எத்தனை பொதுரோட்டின் நுனியில் நிற்கின்றன, எத்தனை ஓரடித் துண்டுகள் யார் பட்டாவில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்தாலே போதும். அவற்றைக் கையகப்படுத்த ஆகும் செலவு ஒரு மேம்பாலத்தின் ஒரு தூணுக்குக் காணாது. என் ஆயுளில் செய்வார்களா என்று பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் செய்ய முடிகிற வேலை.

இப்போதெல்லாம் பத்திரம் எழுத வருகிறவர்களிடம் நானே கேட்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு இளந்தம்பதி, அரியக்குடிப் பக்கம் ஐந்தரை சென்ட். மனையை எப்படிப் போய்ப் பார்த்தீர்கள் என்றேன். கம்பெனிக் காரில் கூட்டிப்போனார்களாம், பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டு நிமிடமாம். புலப்படத்தை விரித்து, இது உங்கள் ரோடு, இங்கே முட்டுகிறது, பள்ளிக்கூடம் இந்தப் பக்கம், வழி அந்தப் பக்கம், ஒருதரம் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பத்திரம் எங்கும் ஓடிவிடாது என்றேன். அந்தப் பெண் வரைபடத்தைக் கூர்ந்து பார்த்தாள். அவன் மட்டும் விரலால் தங்கள் மனையைத் தொட்டு, அதற்கு நேரெதிரே ஏதாவது தெரு வந்து முடிகிறதா என்று தடவிப் பார்த்தான்.

"தெருக்குத்து இல்லல்ல சார்?"

"இல்ல தம்பி. ரோடுதான் எங்கயும் போகலையே, அப்புறம் எங்கேருந்து குத்து வரும்?"

"அப்ப சரி சார்" என்றான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இல்லங்க, நாளைக்கு நடந்து போய்ப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். முத்திரைத்தாளை மறுபடி உறைக்குள் வைத்தேன். அவர்கள் இன்னும் வரவில்லை.